வெளியே விடாத மூச்சு

இது நடந்தது. சுவாரஸ்யத்துக்காக நான் சேர்த்தது ஒரு வரிகூட இல்லை. தேதியும் மணியும் அன்றன்றே என் நோட்டில் குறித்து வைத்தவை. சந்தேகம் இருப்பவர்கள் எங்கள் ஊர் லெஸ்னாவுக்கு வந்து, அந்த டிசம்பர் முதல் தேதி காலையில் நீரூற்று மண்டபத்தில் உட்கார்ந்திருந்த எண்பது பேரில் யாரை வேண்டுமானாலும் கேட்டுப் பாருங்கள். கச்சேரி பாதியில் நின்றது எல்லோருக்கும் ஞாபகம் இருக்கும். என்னைத்தான் குறை சொல்வார்கள். சொல்லட்டும். நிறுத்தியது நான்தான்.

என் பெயர் வெண்டுலா. அப்போது எனக்குப் பத்தொன்பது வயது. தலைநகர் பிராகாவில் இசைப் பள்ளியைப் பாதியில் விட்டுவிட்டு ஊருக்கு வந்திருந்தேன். பியானோ வாசிக்க வரும். ஆரம்பிக்கத்தான் வராது. ஆட்கள் பார்த்துக்கொண்டிருந்தால், முதல் சுரத்தை எந்த நொடியில் தொடுவது என்று தெரியாமல் விரல்கள் அந்தரத்தில் நின்றுவிடும். ஒரு தேர்வில் நான்கு நிமிடம் அப்படியே உட்கார்ந்திருந்தேன். பிறகு எழுந்து ரயிலேறிவிட்டேன்.

என் அண்ணன் ராடிம் ஓபோ வாசிப்பவன். ஓபோவை நாதஸ்வரத்துக்குத் தூரத்துச் சொந்தம் என்று சொல்லலாம். ஒல்லியான கறுப்பு மரக்குழல், நுனியில் நாணல் சீவாளி. ஆனால் இந்தச் சீவாளியின் வாய் ஒரு நூல் அகலம்தான் இருக்கும். அதனால் ஓபோக்காரனுக்குக் காற்று போதாமல் போவதில்லை, மிஞ்சித்தான் போகும். பழைய காற்று நெஞ்சிலேயே தேங்கிவிடும். அதை முதலில் வெளியே தள்ளினால்தான் புதுக்காற்றை இழுக்க முடியும். பக்கத்தில் இருந்தால் இரண்டும் தனித்தனியாகக் கேட்கும். முதலில் ‘ஹூம்’ என்று வெளியே. பிறகு ‘ஸ்ஸ்’ என்று உள்ளே.

நோயாளிகள் ஊற்று நீரில் குளித்துக் குணமாக வரும் எங்கள் ஊரில், அவர்களுக்கு வாசிக்க இருபத்திரண்டு வருஷமாக ஒரு மூவர் குழு இருந்தது. யாரோமீர் குபாட் ஓபோ. ஓல்டா மாமா பசூன். அது ஆள் உயரத்துக்கு இருக்கும் தடித்த குழல், அடித்தொண்டையில் பேசும். பியானோ வாசித்த அம்மாள் கோடையில் மகளோடு இருக்க பிர்னோவுக்குப் போய்விட்டார். செப்டம்பரில் குபாட் தோட்டத்தில் பிளம் பறித்துக்கொண்டிருந்தபோது ஏணியடியில் விழுந்தார். பக்கவாதம். மாவட்ட ஆஸ்பத்திரியில் பேச்சில்லாமல், அசைவில்லாமல் கிடந்தார். டாக்டர்கள் நம்பிக்கையாக எதுவும் சொல்லவில்லை.

மிஞ்சியது ஓல்டா மாமா ஒருவர்தான். குளியல் மாளிகையின் கொதிகலன்களைப் பார்த்துக்கொள்வது அவர் வேலை. எங்கள் வீட்டுக்கு வந்து, சமையலறையில் நின்றபடியே இரண்டு பாட்டில் பீர் குடித்துவிட்டு, டிசம்பர் முதல் ஞாயிறு பண்டிகைக் கச்சேரிக்கு நாங்கள் இருவரும் வரவேண்டும் என்றார். ஊற்று நிர்வாகியிடமும் பேசிவிட்டாராம். அன்றைக்கு ராடிம் ஒழுங்காக வாசித்தால், ஜனவரியிலிருந்து குபாட்டின் இடம் அவனுக்கு. சம்பள வேலை.

ராடிம் ஒன்றரை வருஷம் எல்லைக்கு அந்தப்பக்கம் பவேரியாவில் கார் இருக்கை தைக்கும் ஆலையில் மூன்று ஷிப்டும் பார்த்தவன். விரல் நுனியெல்லாம் ஊசிக் காயம். விடுப்பு எடுத்துக்கொண்டு வந்திருந்தான். இந்த வேலை கிடைக்காவிட்டால் அங்கேதான் திரும்ப வேண்டும். அன்று ராத்திரி அவன் தூங்கவே இல்லை. சுவருக்கு அந்தப்பக்கம் சீவாளி சீவும் சத்தம் கேட்டுக்கொண்டே இருந்தது.

ஒத்திகைக்குக் கிடைத்தது பழைய ஆவி அறை. நெஞ்சு நோயாளிகள் வரிசையாக உட்கார்ந்து உப்பு ஆவியை இழுத்த இடம். வெள்ளை ஓடு பதித்த சுவர்கள். வெட்டிவிட்ட பித்தளைக் குழாய்கள். தரை நடுவில் இருக்கும் வடிகாலை நோக்கிச் சரிவாக இருக்கும், அதனால் பியானோவைச் சுவரோடு ஒட்டித்தான் போடமுடியும். நான் வாசிக்கும்போது எனக்கு எதிரே வெள்ளைச் சுவர் மட்டும்தான். அவர்கள் இருவரும் என் முதுகுக்குப் பின்னால்.

முகம் தெரியாமல் எப்படிச் சேர்ந்து ஆரம்பிப்பது என்று கேட்டேன்.

“எண்றது, தலையாட்டறதெல்லாம் பேண்டு வாசிக்கறவனுக்கு. எங்க குழுவுல மூச்சு மட்டும்தான். ஓபோ மூச்சு இழுக்கும். அது எவ்வளவு மெதுவா இழுக்குதோ, அவ்வளவு மெதுவா பாட்டு. அவ்வளவுதான் பொண்ணே,” என்றார் ஓல்டா மாமா.

எனக்கு அது வரமாகப் பட்டது. இனி நான் முடிவு செய்ய வேண்டாம். மூச்சு சொல்லும். நான் தொட்டால் போதும்.

நவம்பர் 5, செவ்வாய். மாலை 3.52.

ஜன்னலில் வெளிச்சம் மங்கிக்கொண்டிருந்தது. முதல் பகுதியை முடித்துவிட்டு இரண்டாம் பகுதிக்கு இசைக்குறிப்புத் தாளைத் திருப்பினேன். மெதுவான பகுதி அது. பின்னால் மூச்சு இழுக்கும் சத்தம் கேட்டது. ஸ்ஸ்ஸ்... நீளமாக, நிதானமாக. நான் ஆரம்பித்தேன்.

தனியாக வாசித்துக்கொண்டிருந்தேன். யாரும் சேரவில்லை.

“என்ன வெண்டா, ஏன் முந்திக்கற?” என்றான் ராடிம்.

“நீ மூச்சு இழுத்தியே.”

“நான் இன்னும் வாயிலயே வைக்கல. சீவாளியை நனைச்சுகிட்டு இருக்கேன்.”

திரும்பிப் பார்த்தேன். சின்னத் தண்ணீர்க் குப்பியில் சீவாளியை முக்கிப் பிடித்துக்கொண்டிருந்தான். ஓல்டா மாமா சிரித்தார். நூறு வருஷமாக ஜனங்கள் இந்த அறைக்கு வந்து மூச்சு விட்டுவிட்டுப் போயிருக்கிறார்கள், ஒன்றிரண்டு இங்கேயே மிச்சம் இருக்கும் என்றார். ராடிமும் சிரித்தான். நானும் சிரித்தேன்.

வியாழக்கிழமை ஒத்திகையின் இடையில் குபாட்டின் மனைவி வந்தார். குபாட்டோவா அம்மா சின்ன உருவம், எப்போதும் பச்சைத் தொப்பி. பாலாடைக்கட்டியும் பிளம் கூழும் வைத்த கோலாச் ரொட்டிகளைத் துணியில் மூடிக் கொண்டுவந்திருந்தார். கணவரின் ஓபோ தாளை ராடிமிடம் கொடுத்திருந்ததும் அவர்தான். ஆஸ்பத்திரியில் தினமும் கணவர் காதோடு ஒத்திகையைப் பற்றிச் சொல்கிறாராம். எத்தனை மணிக்கு ஆரம்பம், எந்தப் பகுதி, எல்லாம். செவ்வாய்க்கிழமை சாயங்காலம் கணவர் முகத்தில் கொஞ்சம் நிறம் வந்தது என்று சொன்னார். எங்களுக்கும் சந்தோஷமாக இருந்தது.

நவம்பர் 12, செவ்வாய். மாலை 4.07.

இந்த முறை கவனமாகக் கேட்டேன். ராடிமின் மூச்சு எனக்குத் தெரியும். சின்ன வயதில் ஒரே அறையில் தூங்கியவர்கள் நாங்கள். மூக்கு வழியாக, லேசான விசிலோடு வரும். ஓல்டா மாமாவுடையது வாய் வழியாக, நாற்காலி முனகலோடு.

இடையில் இன்னொன்று இருந்தது.

அதில் விசில் இல்லை. முனகல் இல்லை. பட்டுத் துணியை மெல்ல இழுப்பது போல... ஸ்ஸ்ஸ்ஸ்... ராடிமுக்கு அரை நொடி முன்னால்.

நான் அதோடு சேர்ந்து ஆரம்பித்தேன். ஏன் என்று தெரியாது. கை தானாகப் போனது. இருவரும் பின்னாலேயே வந்து சேர்ந்துகொண்டார்கள். அன்றைக்கு நாங்கள் வாசித்தது போல் அதுவரை ஒருநாளும் வாசித்ததில்லை. முடிந்ததும் ஓல்டா மாமா பசூனை மடியில் சாய்த்துக்கொண்டார். அவர் கண் ஈரமாக இருந்தது.

“இதேதான். இப்படியே வாசிச்சா நிர்வாகி கையெழுத்துப் போடாம எங்க போவார்?” என்றார்.

ராடிம் மட்டும் குனிந்து உட்கார்ந்திருந்தான். தாளில் அவனே பென்சிலால் கால்புள்ளி போட்டு வைத்திருந்தான், மூச்சு எடுக்க வேண்டிய இடங்கள். அது குபாட்டின் தாள், ஆனால் அவர் போட்டது அதில் ஒன்றுகூடக் கிடையாது. அந்த ஆளின் மூச்சு அவ்வளவு நீளம்.

“ரெண்டு இடத்துலயும் மூச்சு எடுக்க மறந்துட்டேன்,” என்றான் ராடிம்.

மறக்கிற விஷயமா அது?

அன்று வீட்டுக்குப் போய் நோட்டில் எழுதும்போதுதான் எனக்கு ஒன்று உறைத்தது. எழுதிய பேனா நின்றுவிட்டது. ஓபோக்காரன் முதலில் வெளியே விடுவான், பிறகு உள்ளே இழுப்பான். பசூன்காரரும் விடுவார். மனிதர்கள் எல்லோரும் விடுவார்கள்.

அது விடவில்லை.

சாயங்காலம் முழுக்க அது உள்ளே மட்டும் இழுத்துக்கொண்டிருந்தது.

அடுத்த வாரம் ராடிம் எங்கள் வீட்டு மாடிப்படியில் பாதியில் நின்றான். இரண்டாவது மாடிதான். கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு நின்றான். உருளைக்கிழங்கு சூப்பை வைத்தால் நான்கு கரண்டிக்குப் பிறகு மூச்சு வாங்கியது. பேசும்போது வாக்கியத்தின் நடுவில் நிறுத்தினான். ஒத்திகை இல்லாத நாட்களில் கொஞ்சம் தேறுவான். செவ்வாயும் வியாழனும் வந்தால் மறுபடி சரிவான்.

20ஆம் தேதி டாக்டரிடம் கூட்டிப் போனேன். குழாயில் ஊதச் சொன்னார். ஊதினான். இன்னொரு முறை ஊதச் சொன்னார். படம் எடுத்துப் பார்த்தார். நுரையீரல் சுத்தமாக இருக்கிறது, நோய் எதுவும் இல்லை என்றார். ஆனால் இருபத்து நான்கு வயது ஆளிடம் வரவேண்டிய காற்றில் பாதிதான் வருகிறதாம்.

“மீதி எங்க போகுதுன்னு எனக்குத் தெரியலை,” என்றார்.

அதையும் நோட்டில் எழுதிக்கொண்டேன்.

நவம்பர் 21, வியாழன். மாலை 4.31.

வாசிப்பதை நிறுத்தினேன். திரும்பாமலே சொன்னேன். குழலைக் கீழே வையுங்கள். மூச்சைப் பிடித்துக்கொள்ளுங்கள். இரண்டு பேரும். ஏன் என்று கேட்காதீர்கள்.

நான் அப்படியெல்லாம் யாருக்கும் உத்தரவு போடுகிறவள் இல்லை. அதனாலேயே கேட்டுக்கொண்டார்கள் போலிருக்கிறது.

நானும் மூச்சைப் பிடித்துக்கொண்டேன்.

எதிரே வெள்ளைச் சுவர்.

ஒன்று... இரண்டு... மூன்று...

எங்கோ குழாயில் தண்ணீர் சொட்டியது.

ஒன்பது... பத்து...

பதினொன்று...

ஸ்ஸ்ஸ்ஸ்ஸ்ஸ்...

என் முதுகுக்கு நேர் பின்னால். உட்கார்ந்திருக்கும் ஒரு மனிதனின் வாய் எந்த உயரத்தில் இருக்குமோ அந்த உயரத்தில்.

அதே நொடியில் ‘ஹூம்’ என்று காற்று வெளியே வரும் சத்தம். அது ராடிம்.

திரும்பினேன். ராடிம் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு முன்னால் சாய்ந்திருந்தான். முகம் சுண்ணாம்பு போல் வெளுத்திருந்தது.

“நான் விடல வெண்டா,” என்றான். “பிடிச்சுகிட்டுதான் இருந்தேன். பிடுங்கிட்டுப் போச்சு.”

இரண்டு நாற்காலிகளுக்கும் நடுவில் எதுவும் இல்லை. வெறும் தரை. வடிகால்.

ஓல்டா மாமாவைப் பார்த்தேன். அவர் கேட்டிருந்தார். சத்தியமாகக் கேட்டிருந்தார். ஆனால் அவர் முகத்தில் பயம் இல்லை. தரையைப் பார்த்துக்கொண்டே பழைய குழாய்களில் காற்று ஏறும், கொதிகலனை அணைத்தால் சரியாகிவிடும் என்றார். கொதிகலனைப் பற்றி அவருக்குத் தெரியாதது இல்லை. பொய் சொல்லுகிறார் என்று எனக்குத் தெரிந்தது.

வெளியே வரும்போது வாசலில் குபாட்டோவா அம்மா பஸ்ஸிலிருந்து இறங்கி ஓடிவந்தார். குபாட் சாயங்காலம் கண்ணைத் திறந்தாராம். கூரையைப் பார்த்தாராம். என்னைக் கட்டிக்கொண்டு அழுதார். அவர் தோளுக்கு மேலாக ராடிமைப் பார்த்தேன். விளக்குக் கம்பத்தைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தான்.

இனி அந்த அறைக்கு வரமாட்டேன் என்று சொல்லிவிட்டேன். ராடிம் என் கட்டில் ஓரத்தில் வந்து உட்கார்ந்தான்.

“பத்து நாள்தான் வெண்டா. அந்த ஆலைக்குத் திரும்பிப் போனா... நான் மறுபடி ஓபோவைத் தொடமாட்டேன். எனக்குத் தெரியும். இந்தப் பத்து நாளை மட்டும் தள்ளிக் கொடு.”

அவனை மறுத்துப் பேச எனக்கு வரவில்லை. ஆனால் ஒரு நிபந்தனை போட்டேன். குழுவின் வழக்கம் எப்படியோ போகட்டும். மூச்சை வைத்து நான் ஆரம்பிக்கமாட்டேன். அவன் ஓபோவின் நுனியை ஆட்டிக் காட்ட வேண்டும். கச்சேரி மண்டபத்தில் பெரிய பியானோ, குறுக்குவாட்டில் போட்டிருக்கும். அங்கே அவனைப் பார்க்க முடியும். ஒத்திகையில் பார்க்க முடியாது என்பதால் காலால் தட்டச் சொன்னேன். சரி என்றான்.

கடைசி இரண்டு ஒத்திகைகளிலும் தட்டலைக் கேட்டுத்தான் ஆரம்பித்தேன். மற்றதும் கேட்டது. ஒவ்வொரு முறையும் கேட்டது. நான் அதோடு போகவில்லை. வாசிப்பு கட்டையாக இருந்தது. மூன்று பேர் மூன்று திசையில் நடப்பது போல.

28ஆம் தேதி ஓல்டா மாமா பொறுமை இழந்தார்.

“அதுகூடவே போயேன் பொண்ணே. எப்பவும் அதானே சரியா இருக்கும்.”

“எதுகூட?” என்றேன்.

மாமா எழுந்தார். பசூனைக் கழற்றிப் பெட்டியில் வைத்தார். தொப்பியைப் போட்டுக்கொண்டு போய்விட்டார்.

டிசம்பர் 1, ஞாயிறு. காலை 11 மணி.

நீரூற்று மண்டபம். வெளியே பண்டிகைச் சந்தை, சுடு ஒயினின் வாசனை. உள்ளே எண்பது பேர். முதல் வரிசையில் நிர்வாகியும் அவர் மனைவியும். ஊற்றுக் குழாய்களுக்கு மேலே வட்டக் கடிகாரம், என் பார்வைக்கு நேராக. குபாட்டோவா அம்மா வரவில்லை. ஆஸ்பத்திரியில் கணவர் பக்கத்தில் இருந்தார்.

முதல் பகுதி 11.05க்கு ஆரம்பித்தது. ராடிம் ஓபோவின் நுனியை ஆட்டினான். தொட்டேன். நன்றாகவே போனது. வேறெந்த மூச்சும் என் காதில் விழவில்லை. அந்த அறையோடு அது நின்றுவிட்டது என்று நினைத்தேன். எனக்குச் சிரிப்புகூட வந்தது.

11.18க்கு முடிந்தது. மண்டபத்தில் இருமல்கள். தாள் திருப்பும் சத்தம். பிறகு அமைதி.

இரண்டாம் பகுதி.

ராடிமைப் பார்த்தேன். ஓபோவை உதட்டில் வைத்தான். ஆட்டுவான் என்று காத்திருந்தேன்.

ஆட்டவில்லை.

அவன் என்னைத்தான் பார்த்துக்கொண்டிருந்தான். ஆனால் குழல் அசையவில்லை. அவனால் அசைக்க முடியவில்லை என்று இப்போது தோன்றுகிறது.

அமைதி நீண்டது. யாரோ நாற்காலியை நகர்த்தினார்கள். நிர்வாகி மனைவியிடம் ஏதோ முணுமுணுத்தார். எண்பது பேரும் என் கைகளைப் பார்த்தார்கள். விரல்கள் அந்தரத்தில் நின்றன.

ராடிம் மூச்சை வெளியே விட்டான்.

ஹூம்ம்ம்...

ஸ்ஸ்ஸ்ஸ்ஸ்ஸ்...

அது ராடிம் இல்லை. அவன் நெஞ்சு அசையவில்லை. நான் பார்த்துக்கொண்டே இருந்தேன்.

அந்த அமைதியை என்னால் தாங்க முடியவில்லை. அந்த மூச்சில் ஆரம்பித்தேன். என் வாழ்க்கையில் நான் செய்த தப்பு அது ஒன்றுதான். மணி 11.19.

மூச்சு எவ்வளவு மெதுவோ, பாட்டும் அவ்வளவு மெது. ஒத்திகையில் வாசித்ததற்குப் பாதி வேகம். ஓபோவுக்கு அங்கே நீண்ட வரி. ராடிம் இரண்டு கால்புள்ளி போட்ட வரி. முதல் கால்புள்ளி வந்தது.

அவன் மூச்சு எடுக்கவில்லை.

சத்தம் மட்டும் வந்துகொண்டே இருந்தது. அவ்வளவு அழகான சத்தத்தை ராடிமிடம் நான் கேட்டதில்லை. முதல் வரிசையில் யாரோ விசும்பினார்கள். ஓல்டா மாமா கண்ணை மூடிக்கொண்டு வாசித்தார்.

வேகமாக ஓட்டிப் பார்த்தேன். சீக்கிரம் வரி முடிந்தால் அவன் மூச்சு எடுப்பான். நான் மட்டும் ஓடினேன். அவர்கள் வரவில்லை. திரும்ப வந்து சேர்ந்துகொண்டேன்.

இரண்டாவது கால்புள்ளி.

எடுக்கவில்லை.

அவன் உதடு ஊதா நிறமாக இருந்தது. கண்கள் என்மேல். அந்தக் கண்கள் மட்டும்தான் ராடிம்.

11.21.

கையைத் தூக்கிவிட்டேன்.

பியானோ நின்றது. பசூன் தடுமாறி நின்றது.

ஓபோ நிற்கவில்லை.

ஒரே சுரம். அதே சுரம். ராடிமின் இடது கையில் ஆள்காட்டி விரலும் நடுவிரலும் மட்டும் குழலை அழுத்திக்கொண்டிருந்தன.

ஐந்து நொடி...

பத்து...

நான் கைகளை மடியில் வைத்துக்கொண்டேன்.

இருபது...

நின்றது.

பிறகு வந்தது. அத்தனை நாளும் வராதது. ராடிமுக்கும் ஓல்டா மாமாவுக்கும் நடுவிலிருந்து. ஹாஆஆ... என்று. நீளமாக. மிக நீளமாக. ராடிமின் தாள் ஒருபக்கம் எழுந்து அடங்கியது. நிர்வாகியின் மனைவி சட்டென்று கன்னத்தைத் துடைத்துக்கொண்டார்.

அதற்குப் பிறகு ராடிம் மூச்சு இழுத்தான். தண்ணீருக்குள்ளிருந்து மேலே வந்தவன் போல.

கச்சேரி அதோடு முடிந்தது. ராடிமுக்கு மயக்கம் என்று அறிவித்தார்கள். நிர்வாகி எங்களிடம் பேசாமலே போனார். வேலையும் போனது. எனக்கு அது எதுவும் உறைக்கவில்லை. மேடைக்குப் பின்னால் ராடிம் தரையில் உட்கார்ந்து மூச்சு விட்டுக்கொண்டிருந்தான். வெளியே. உள்ளே. வெளியே. உள்ளே. நான் எண்ணிக்கொண்டிருந்தேன்.

ஓல்டா மாமா பசூனோடு எங்கள் முன்னால் வந்து நின்றார்.

“அது யாரோமீரோட மூச்சு,” என்றார். “இருபத்திரண்டு வருஷம் பக்கத்துல உட்கார்ந்திருக்கேன். எனக்குத் தெரியாதா? முதல் நாளே தெரிஞ்சுடுச்சு.”

“ஏன் சொல்லல?”

“நல்லா இருந்துச்சே,” என்றார். “பழையபடி இருந்துச்சே பொண்ணே.”

எனக்கு ஒன்று புரியவில்லை. அவர்தான் சாகவில்லையே, ஆஸ்பத்திரியில் உயிரோடு இருக்கிறாரே என்றேன். ஓல்டா மாமா தலையை ஆட்டினார். அதுதான் தனக்கும் புரியவில்லை என்றார்.

குபாட் இறந்துவிட்டார் என்ற செய்தி சாயங்காலம் வந்தது.

வெள்ளிக்கிழமை அடக்கம். முடிந்ததும் குபாட்டோவா அம்மாவின் வீட்டுக்குப் போனோம். ராடிம் இரண்டு மாடி ஏறினான், எங்கும் நிற்காமல். அந்த அம்மாள் காபி போட்டு வைத்தார். நாங்கள் கேட்காமலே சொன்னார்.

செப்டம்பரிலிருந்து குபாட் சொந்தமாக மூச்சு விட்டதில்லை. தொண்டையில் துளை போட்டு இயந்திரம் வைத்திருந்தார்கள். நவம்பர் ஐந்தாம் தேதி, செவ்வாய்க்கிழமை, மாலை நான்கு மணிக்குக் கொஞ்சம் முன்னால், முதல் முறையாக அவரே இழுத்தார். பிறகு வியாழன். பிறகு செவ்வாய். மற்ற நாட்களில் இல்லை. நர்ஸ் அட்டையில் எழுதி வைத்திருக்கிறாராம். ஞாயிற்றுக்கிழமை காலை பதினொன்று ஐந்துக்கு நல்ல வலுவாக இழுக்க ஆரம்பித்திருக்கிறார். டாக்டர்கள் கூடிவிட்டார்கள். இயந்திரத்தைக் கழற்றிப் பார்க்கலாம் என்று கழற்றிவிட்டார்கள். கிறிஸ்துமஸுக்கு வீட்டுக்கு அனுப்பலாம் என்றுகூட ஒருவர் சொன்னாராம்.

“கை அசைஞ்சுது,” என்றார் குபாட்டோவா அம்மா. “ரெண்டு கையும். போர்வை மேல விரல் ஓடிச்சு. நாற்பது வருஷமா பாத்த விரல். எனக்குத் தெரியாதா, வாசிக்கறார்னு?”

ராடிம் கோப்பையைக் கீழே வைத்தான்.

“அப்புறம் நின்னுடுச்சு. எடுக்கல. அழுத்தினபடியே வச்சிருந்தார். யாரோ சேர்ந்துக்கணும்னு காத்துகிட்டு இருக்கற மாதிரி. நானும் பாத்துகிட்டே இருந்தேன்... ரொம்ப நேரம்... அப்புறம் ஒரே ஒரு தடவை மூச்சை வெளியே விட்டார். மணி பதினொன்னு இருபத்தொண்ணு.”

அவர் இடது கையை மேஜை விரிப்பின் மேல் வைத்துக் காட்டினார்.

ஆள்காட்டி விரலும் நடுவிரலும் மட்டும் துணியை அழுத்தின.